தெருவெல்லாம் கியர் ஆயில்

“இந்த கேட்டைத் தாண்டி ஒரு மெக்கானிக் உள்ள வந்தான்னா, நான் வெளிய போயிடுவேன். பாத்துக்கோ!”

“போயேன்! யாரு உன் காலைக் கட்டி வெச்சிருக்கா? ஆனா எதுல போவே? கார்தான் மூக்கு ஒழுகுற கொழந்தை மாதிரி சொட்டிக்கிட்டு நிக்குதே!”

“ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. அதுக்கு இந்தக் கத்து கத்தறே.”

“ஒரு சொட்டா? முதல்ல கீழ பழைய துணியைப் போட்டே. அப்புறம் அட்டையைப் போட்டே. இப்ப நீ பல்லுக்கு மாவு கலக்குற கிண்ணத்தையே கொண்டுவந்து வெச்சிருக்கே. அடுத்து என்ன, குளிக்கிற தொட்டியா?”

சனிக்கிழமை காலை, தெரு பல்கூட விளக்கியிருக்கவில்லை. நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். அங்கிருந்து பக்கத்து வீட்டு கார் நிறுத்துமிடம் வயிறு முதுகோடு தெரிகிறது என்றால் அது வீட்டைக் கட்டியவன் குற்றம். அன்று நான் காயப்போட்டது ஒரே ஒரு கைக்குட்டை என்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து கணக்கு வாத்தியார் கவனித்துவிட்டார். அவர் அங்கே எதைக் காயப்போட வந்தார் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்த நாகரிகம் உண்டு.

கத்திக்கொண்டிருந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்ப, இவர் பின்னறையில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டி, மாவை ஊற்றி, யாரோ ஒருவர் சிரிப்பதற்கான ஏற்பாட்டைச் செய்து அனுப்புவார். தெருவில் அவருக்குப் பெயர் பல்லண்ணன். தங்கை முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அவள் பெயர் ஊசி. அது தொழிலால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

இருவருக்கும் கல்யாணமாகவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீடும் காரும் இருவருக்கும் பொது. சண்டையும் பொதுதான்; யார் ஆரம்பித்தாலும் மற்றவர் முடித்து வைப்பார்.

விஷயம் இதுதான். வெளியூரில் ஒரு பெரிய நாடகக் குழு. ராஜா, ராணி, சேவகன், பேய், எல்லோருக்கும் உடை தைக்க நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று ஊசியைக் கூப்பிட்டிருந்தார்கள். போன வருடமே கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாதே, விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மாட்டேன் சொல்லிவிட்டாள். இந்த வருடம் மறுபடி கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையில் மெஷினோடு வந்து நிற்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த மெஷின் பனியன் முதல் படுதா வரை தைக்கிற இரும்பு யானை. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. கார் வேண்டும். காரோ கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒழுகிக்கொண்டு நின்றது. ஆயில் குறைந்து நடுவழியில் கியர்பாக்ஸ் போய்விட்டால் யானையும் ஊசியும் ரோட்டோரம்.

“மூணு மாசமா சொல்றேன் அண்ணா. டிரைவ் ஷாஃப்ட் சீல் போயிடுச்சு, மாத்துன்னு.”

“மாத்தத்தானே போறேன்? நானே மாத்தறேன். மில்லிமீட்டர்ல பாதி பிசகினாலும் ஒரு ஆளால சாப்பிட முடியாது, அப்படிப்பட்ட வேலை பண்றவன் நான். ஒரு ரப்பர் வளையம் போட மாட்டேனா?”

“அப்ப இன்னைக்கே போடு.”

“போடறேன்.”

“இப்பவே போடு.”

“டீயாவது குடிக்க விடு!”

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஆரம்பித்தால் ஒழுங்காகத்தான் செய்வார். காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, அசைத்துப் பார்த்து, மறுபடி அசைத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் சக்கரத்தைக் கழற்றினார். கீழே ரப்பர் கிண்ணத்தை வைத்து கியர் ஆயிலை வடித்தார். கிண்ணம் நிறைந்து வழிந்தது; தங்கை வாளியோடு ஓடிவந்தாள். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற பால் ஜாயிண்டை விடுவித்து, சக்கரம் மாட்டும் பகுதியை வெளிப்பக்கம் சாய்த்து, இரண்டு கையாலும் கம்பியை வைத்து நெம்பினார். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் வரவில்லை. கெஞ்சினார். வரவில்லை. தங்கை வந்து, “தள்ளு,” என்று ஒரே நெம்பு நெம்பினாள். டக்கென்று வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது.

“நான் லூஸ் பண்ணி வெச்சேன்,” என்றார்.

“ஆமாமா.”

இதற்குள் கணக்கு வாத்தியார் மாடியிலிருந்து இறங்கி கேட்டில் சாய்ந்துவிட்டார். எனக்கும் கீழே ஏதோ வேலை இருந்ததால் வந்துவிட்டேன்.

“பழைய சீல் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால எடுக்காதப்பா. உள்ள கீறல் விழுந்துடும்,” என்றார் வாத்தியார். அவருக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. அது எந்தக் காலத்திலும் அவர் கருத்தைத் தடுத்ததில்லை.

பல்லண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணியைச் சுற்றி, மெழுகு சுரண்டுகிற பொறுமையோடு கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வளையத்தை எடுத்தார். ஓரத்தில் ரப்பர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. புதிய சீலைத் தட்டி உள்ளே இறக்க அதே அகலத்தில் வட்டமாக ஏதாவது வேண்டும். வேறு யாராக இருந்தாலும் குழாய்த் துண்டு தேடியிருப்பார்கள். இவர் கழற்றிய வளையத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், அச்செடுத்து, பல்செட்டுக்கு ஊற்றுகிற கல்மாவைக் கலந்து ஊற்றி, அது இறுகும்வரை கைகட்டி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பால்வெள்ளையில், பளபளவென்று, ஒரு வட்டக் கட்டையோடு வந்தார். பார்க்க ஏதோ பரிசுக் கோப்பையின் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

“ஒரு சீலுக்கு இவ்வளவா?” என்றேன்.

“வாய்க்குள்ள போறதுக்கும் கியர்பாக்ஸுக்குள்ள போறதுக்கும் எனக்கு வித்தியாசம் கிடையாது அக்கா.”

பின்னறையில் பல் வைக்கிற டப்பாவிலிருந்து புதிய சீல் ஒன்றை எடுத்து வந்தார். தங்கை அதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழவென்று மூடியிருந்தது. மறுபக்கம் பள்ளமாக, சின்ன ஸ்பிரிங் ஓடியது.

“அண்ணா, பழசு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்ததுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. குறி போட்டுடறேன். அப்புறம் குழப்பமில்ல.”

தையல் சாக்பீஸால் ஒரு பக்கத்தில் குட்டியாக ஒரு கோடு போட்டாள். அதற்குள், கால்சட்டை உயரத்தைக் குறைக்கக் கொடுத்த ஒருவர் வந்து நிற்க, உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் பல்லண்ணன் சீலின் உதட்டில் ஆயில் தடவி, கல்மாவுக் கட்டையை வைத்து, மரச்சுத்தியால் நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கிவிட்டார். ஒரு இம்மி ஏற்றமில்லை, இறக்கமில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்து அவரே அதை ரசித்தார். ஷாஃப்ட் உள்ளே போனது, பால் ஜாயிண்ட், சக்கரம், புது ஆயில், எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்தது.

“ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரேன்,” என்று தலையை வாரிக்கொண்டு வந்தார்.

“காரை டெஸ்ட் பண்ண எதுக்கு தலை வாரறே?”

“கண்ணாடில என் மூஞ்சி எனக்கே பயமா இருக்கு.”

“எங்க வரைக்கும் போறே?”

“முனை வரைக்கும்தான்.”

முனை எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். நடந்து போய்த் திரும்பினால்கூட ஊற்றிய டீ ஆறாது. மனிதர் போனவர் போனவர்தான். ஊசி வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். உள்ளே பெட்டி தயாராக இருந்தது. மெஷினைப் போர்வையில் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். கடைசியில் கார் வந்தது. இறங்கியவர் முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்த களை.

“அருமை! கியர் வெண்ணெய் மாதிரி விழுது.”

“அண்ணா.”

“என்ன?”

“கீழ பாரு.”

காருக்கு அடியில் சொட்டு. முன்பாவது யோசித்து யோசித்துச் சொட்டியது. இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல் சொட்டியது.

ஆயிரம் வாய்க்குப் பல் கட்டியவர், தன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஊசி காருக்கு அடியில் பார்க்கவில்லை; ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் இருந்தது. ரோட்டில் கருப்பாக, ஈரமாக, புள்ளி புள்ளியாக ஒரு கோடு. முனை வலப்பக்கம். கோடு இடப்பக்கம் போனது.

“முனை எப்ப அண்ணா இடம் மாறுச்சு?”

“அது… அந்தப் பக்கம் ரோடு சமமா இருக்கும்னு…”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புள்ளிகளைப் பார்த்தபடி நடந்தாள். வாத்தியார் கூடவே நடந்தார். ஒரு பெண் தனியாகப் போவது சரியில்லையே என்று நானும் போனேன்.

“இங்க பாருங்க,” என்றார் வாத்தியார், குனிந்து. “புள்ளிக்கும் புள்ளிக்கும் தூரம் அதிகம். வேகமாப் போயிருக்கான்.”

மார்க்கெட்டைத் தாண்டினோம். பேங்க் வாசலைத் தாண்டினோம். நீளமான மதில் ஒன்றின் பக்கமாகத் திரும்பியதும் புள்ளிகள் நெருங்கிவிட்டன.

“வேகத்தைக் குறைச்சிட்டான்,” என்றார் வாத்தியார். இத்தனை வருடம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இன்றுதான் அவருக்கு ருசித்தது.

நீல கேட் போட்ட வீட்டு முன் புள்ளிகள் முடிந்தன. அங்கே புள்ளி இல்லை, குளம்.

“இங்க நின்னிருக்கு. ரொம்ப நேரம் நின்னிருக்கு.”

அது யார் வீடென்று எனக்குத் தெரியும். யார் வீடு எனக்குத் தெரியாது? ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரம்மா வீடு. கணவரை விவாகரத்து செய்துவிட்டு வந்து, அப்பாவின் கடையைத் தனியாக நடத்துகிறவர். கடையில் உட்கார்ந்தபடியே, வருகிறவரின் கார் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டு சாமானை எடுத்துப் போடுவார். ஊசி மணியை அடித்தாள். கதவைத் திறந்தவர் ஊசி தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். மேசைமேல் இரண்டு டீ கோப்பை. நான் எட்டிப் பார்க்கவில்லை, கதவு அகலம்.

“அக்கா, உங்க வாசல்ல கொட்டியிருக்கே, இது யாரு ஆயில்?”

“உங்க அண்ணன் ஆயில்தான். போகும்போதே சொன்னேன், சொட்டுதுங்கன்னு. அவர் எதையும் காதுல வாங்கற நிலைமைல இல்ல.”

“எத்தனை நாளா இது?”

“எது, சீலா?”

“ரெண்டும்.”

கடைக்காரம்மா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான்.

“உங்க அண்ணன் இதுவரைக்கும் அஞ்சு சீல் வாங்கியிருக்கார். அந்தக் கார்ல அது போடற இடமே ரெண்டுதான். மூணாவது வாங்க வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது கார் விஷயமில்லன்னு.”

வாத்தியார் இருமினார். ஊசிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, மூக்கு மட்டும் சிவந்தது.

“உங்க தோள் அளவு எனக்குத் தெரியும். இடுப்பு அளவு தெரியும். இது தெரியலையே எனக்கு!” என்றாள். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லுங்கன்னு நான்தான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். அவ கிளம்பின பிறகு சொல்றேன், அவ கிளம்பின பிறகு சொல்றேன்னு ஒரே பாட்டு. இன்னைக்குக்கூட அதைச் சொல்லத்தான் வந்தார்.”

திரும்பி வந்தபோது பல்லண்ணன் காருக்கு அடியில் இருந்தார். வேலை ஒன்றுமில்லை, ஒளிய அதுதான் இடம். வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்களைப் பார்த்து ஊசி பேசினாள்.

“வெளிய வா.”

“ஆயில் சொட்டுது. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அஞ்சு சீல் வாங்கினியாமே.”

பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

“கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னா உன்னை வீட்டைவிட்டுத் துரத்துற மாதிரி ஆயிடுமே,” என்றது காருக்கு அடியிலிருந்து குரல். “நீயா கிளம்பினா, அப்புறம் சொல்லிக்கலாம்னு…”

“நான் எப்படிக் கிளம்புவேன்? நீ தனியாப் பட்டினி கிடப்பேன்னுதானே போன வருஷம் மாட்டேன்னு சொன்னேன்? ராத்திரி பூரா அழுதேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“பின்னறைல மாவு கலக்கிட்டிருந்தேன். கேட்டுது.”

“எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணா?”

“மாவு கலந்துட்டா நடுவுல விட முடியாதும்மா. கெட்டியாயிடும்.”

நான் அப்போது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வாத்தியாராவது போயிருக்க வேண்டும். ஊசி குனிந்து அந்தப் பாதங்களில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் பல்லண்ணன் மூக்கில் ஆயிலோடு வெளியே வந்தார். அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அண்ணன் என்றும் பார்க்காமல். பிறகு தன் சட்டைக் கையாலேயே அவர் மூக்கைத் துடைத்தாள்.

“நாளைக்கு இந்தக் காரை ரெடி பண்ணு. இல்லேன்னா நான் இங்கேயே உக்காந்து, உனக்கும் அண்ணிக்கும் நடுவுல தினம் சோறு சாப்பிடுவேன்.”

அந்த மிரட்டல் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார் மறுபடி ஸ்டாண்டில் ஏறிவிட்டது. ஷாஃப்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்த ஊசி வீல் என்று கத்தினாள்.

“திருப்பிப் போட்டிருக்கே! குறி வெளிய தெரியுது!”

“தெரியத்தானே வேணும்? குறின்னா முன்பக்கம். நான் எந்த அச்சுல கோடு போட்டாலும் பல்லோட உதட்டுப் பக்கம்தான் போடுவேன். பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியற பக்கம்!”

“எந்தத் தையல்காரி வெளிப்பக்கம் சாக்பீஸ் போடுவா? துணியோட உள்பக்கம்தான் குறி. உள்ள போக வேண்டிய பக்கம்!”

“அதைச் சொல்லணும்!”

“இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். ஒரு நாளாவது நான் தைக்கிறதை நிமிந்து பாத்திருக்கியா?”

“நீ என் அச்சைப் பாத்திருக்கியா?”

ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். இவர் அதை ரோட்டைப் பார்க்க வைத்து, அவ்வளவு அழகாக, இம்மி பிசகாமல் இறக்கியிருந்தார். அந்த சீலை வெளியே எடுப்பதற்குள் மனிதருக்குக் கண் கலங்கியே விட்டது. “எவ்வளவு நல்லா உக்காந்திருந்தது,” என்றார். சேதமானால் என்ன, டப்பாவில் காதல் சாட்சியாக இன்னும் சீல்கள் இருந்தன. ஒழுகிப்போன ஆயிலுக்குப் பதிலாக ஒரு டின் கியர் ஆயிலோடு கடைக்காரம்மா வந்து சேர்ந்தார். வந்தவர் எதையும் தொடவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊசி புது சீலைப் பொருத்துவதையும், பல்லண்ணன் கட்டையை வைத்துத் தட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?” என்றார் வாத்தியார், ஏமாற்றத்தோடு.

“நான் விக்கிறவ. மாட்டறது அவங்க வேலை.”

இந்த முறை காரை ஊசியே ஓட்டினாள். மார்க்கெட்டைச் சுற்றி, மேட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினாள். அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்தோம். நாங்கள் ஐந்து பேரும் குனிந்து நின்று காகிதத்தையே பார்த்தோம். தெருவில் போனவர்கள் எங்களையும் காகிதத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்து, காகிதத்தில் ஒரு எறும்பு ஏறி இறங்கிப் போயிற்று. வேறொன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்னே மெஷினை நாலு பேர் தூக்கிப் பின்சீட்டில் வைத்தோம். பல்லண்ணன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆயில் பார், டயர் பார், மேட்டில் இரண்டாவது கியர் போடு என்று காரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கையை எடு. வண்டியை எடுக்கணும்.”

எடுத்தார்.

அண்ணனும் கடைக்காரம்மாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஊசி வந்து, அண்ணனுக்குக் கோட்டும் அண்ணிக்குப் புதுச் சட்டையும் தைத்துப் போட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டாள். ஒரு பேய்க்கு அளவெடுக்க வேண்டியிருந்ததாம். அண்ணிக்கும் சமைக்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு நீல கேட் வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். பின்னறையின் பல்லெல்லாம் பெட்டி பெட்டியாகப் போனது. வாத்தியாரை அவருடைய மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஊசி, மேடைக்கு விளக்குப் போடுகிற, அதிகம் பேசாத ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு அந்த ஊரிலேயே இருக்கிறாள். காரும் அவளிடம்தான். பக்கத்து வீட்டுக்கு இப்போது புதிதாகக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான், என்ன, மெல்லப் பேசுகிறார்கள்.